இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய எஸ்யூவி ஒன்றில் புதிய தலைமுறை இன்ஜினைப் பொருத்திய ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜின் தேய்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, பாடியும் சேஸிஸும் இன்னும் திடமாக இருக்கும் ஒரு குடும்ப வண்டியை இரும்புக்குப் போட வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால், பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற இரண்டு நாள் போதும் என்று அவர் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இறக்கி ஏற்ற இரண்டு நாள் போதும் என்பது பொய்யில்லை. எனக்கு ஒன்றரை நாள்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வண்டி தன் சொந்த பலத்தில் வாசலைத் தாண்ட ஏழு மாதம் ஆயிற்று.

என்னுடையது 1993ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலே சபர்பன். மூன்று வரிசை இருக்கை கொண்ட பெரிய வண்டி. அதில் இருந்த 5.7 லிட்டர் வி8 இன்ஜின், அந்த நிறுவனம் 1955இல் கொண்டுவந்த ‘ஸ்மால் பிளாக்’ வடிவமைப்பின் நேர் வாரிசு. காற்று உள்ளே போகும் இன்டேக்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இரண்டே இன்ஜெக்டர்கள் எட்டு சிலிண்டருக்குமான பெட்ரோலைத் தெளிக்கும். ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் சுழன்று எட்டு பிளக்குக்கும் தீப்பொறியைப் பங்கிடும். அதன் இடத்துக்கு நான் கொண்டுவந்தது, 1997இல் கார்வெட் காரில் அறிமுகமாகி, 1999 மாடல் பிக்கப்களிலும் 2000 மாடல் சபர்பனிலும் ஏறிய அடுத்த வடிவமைப்பின் 5.3 லிட்டர் வகை. கொள்ளளவு குறைவு, ஆனால் பழையது தந்த 210 குதிரைத்திறனுக்கு எதிராக இது 285 தருகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். இரண்டிலும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட், சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. இரண்டிலும் சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான். அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்கூட அதே 111.8 மில்லிமீட்டர். இந்த முகச்சாயல்தான் ஆளை ஏமாற்றுகிறது. புதியதில் பிளாக்கின் பக்கச் சுவர்கள், இன்ஜினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாப்டுக்குக் கீழேயும் இறங்கி நிற்கின்றன. அந்தத் தண்டைத் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்கையும் ஆறு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பொருளே கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனிக் காயில், தனித்தனி இன்ஜெக்டர். தீப்பொறி பாயும் வரிசைகூட 1-8-4-3-6-5-7-2 என்பதிலிருந்து 1-8-7-2-6-5-4-3 என்று மாறிவிட்டது. பழைய இன்ஜினோடும் ஒரு சிறு கணினி உண்டுதான். ஆனாலும் கைப்பழக்கமுள்ள மெக்கானிக் அதை ஒதுக்கிவிட்டு, கார்புரேட்டரும் சாதாரண டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்து ஓட்டிக் காட்டிவிடுவார். புதியதில் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணினிக்குத் தெரியாத வரையில் ஒரு பொறிகூடப் பறக்காது, ஒரு சொட்டு பெட்ரோல்கூட இறங்காது. ஆகவே, இன்ஜின் என்று நாம் வாங்க வேண்டியது அந்த இரும்பை மட்டும் அல்ல. அதே வண்டியிலிருந்து எடுத்த கணினி, வெட்டுப்படாத வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், கியர் பாக்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தத்தையும்தான். கட்டுரையில் இது எங்கும் சொல்லப்படவில்லை. நானும் இதைத் தெரிந்துகொண்டு தொடங்கவில்லை.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். விபத்து வண்டிகளை உடைத்து விற்கும் ஓரிடத்தில் இன்ஜினையும், வேறோர் இடத்தில் கணினியையும் வயரிங்கையும் வாங்கினேன். ‘5.3 என்றால் எல்லாம் 5.3தான்’ என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். வயரிங்கை விரித்து மாட்டத் தொடங்கியபோது, கேம் சென்சாருக்கான ஒயர் இன்ஜினின் பின்பக்கம் போய் முடிந்தது. என் இன்ஜினிலோ அந்தச் சென்சார் முன்பக்கம் இருந்தது. இன்ஜின் தட்டும் ஒலியை உணரும் நாக் சென்சார்களுக்கான ஒயர் இன்டேக்கின் அடியில் போயிற்று. சென்சார்களோ பிளாக்கின் இரு பக்கமும் இருந்தன. ஒவ்வொரு பொருத்தமின்மையும் எனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. நானோ, எட்டாத ஒயரை நீட்டியும் பொருந்தாத ஒயர் இணைப்பானை வெட்டி வேறொன்றை வைத்துப் பற்றவைத்தும், அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, பொறி இல்லை. கிராங்க் சென்சாரை இரண்டு முறை மாற்றினேன், எர்த் ஒயர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன், ஐந்து வாரம் போயிற்று. ஒருநாள் இரவு ஸ்டார்ட்டரைக் கழற்றி, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் கிராங்க் சென்சாரையும் உருவி எடுத்து, அந்தத் துளை வழியே டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். முன்பக்கக் கப்பியில் ஸ்பேனரை மாட்டி என் மகன் மெதுவாகச் சுற்ற, கிராங்க் ஷாப்டின் பின்முனையில் உள்ள பல் சக்கரம் துளையைக் கடந்து நகர்ந்தது. மெல்லிய பற்கள் ஒரே சீராக வந்துகொண்டே இருந்தன; ஓரிடத்தில் மட்டும் இரண்டு பல்லுக்கான இடம் வெறுமையாக இருந்தது. எண்ணினோம்: 58. இந்தப் பற்கள் கடப்பதை வைத்துத்தான் கணினி கிராங்கின் கோணத்தை அறிகிறது. நான் வாங்கியிருந்த கணினிக்குப் படிக்கத் தெரிந்ததோ 24 பல் சக்கரத்தை. இந்த 5.3 லிட்டர் வகையில், 1999இல் தொடங்கிய முதல் வரிசையில் 24. அதற்கு அடுத்த வரிசையில், 2000களின் நடுப்பகுதியிலிருந்து படிப்படியாக 58 ஆக மாற்றிவிட்டார்கள். ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. சக்கரத்தை மாற்றலாம், ஆனால் அதற்குக் கிராங்க் ஷாப்டையே வெளியே எடுக்க வேண்டும். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தார். அந்த இன்ஜினை நட்டத்துக்குத் தள்ளிவிட்டு, 24 பல் உள்ள இன்னொன்றை வாங்கி, ஒன்றரை நாள் வேலையை மறுபடியும் செய்தேன்.

யாரேனும் இந்த வகை இன்ஜினைப் பார்க்கப் போனால், பெரும்பாலும் பற்களை எண்ண வேண்டியதில்லை. கேம் சென்சார் முன்னால் இருந்தால் அது பிந்தைய வரிசை, பின்னால் இருந்தால் முந்தையது. பிந்தைய வரிசை மோசமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றில், சுமை குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களை உறங்கவைக்கும் ஏற்பாடு உண்டு. அதற்காக வால்வுகளை இயக்கும் சிறப்பு லிஃப்டர்கள் பழுதாவது பரவலாகத் தெரிந்த குறை. குடும்ப வண்டிக்கு நான் மறுபடியும் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் முந்தையதைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது இன்ஜின் ஏறிய பிறகு பொறி வந்தது. வண்டி உறுமியது, இருமியது, ஆனால் தொடர்ந்து ஓடவில்லை. இதற்குக் காரணம் இன்ஜினில் இல்லை, பின்னால் டேங்க்குக்குள் இருந்தது. பழைய இன்ஜெக்டர்களுக்கு ஒரு பாருக்கும் குறைவான அழுத்தம் போதும். டேங்க்குக்குள் இருந்த பம்பும் அதற்கேற்றதுதான். புதிய இன்ஜினின் இன்ஜெக்டர்களுக்கு ஏறத்தாழ 4 பார், அதாவது 58 பிஎஸ்ஐ வேண்டும். எரிபொருள் குழாயின் முனையில் இருக்கும் வால்வில் அளவுமானியை மாட்டியபோது முள் 12 பிஎஸ்ஐயில் சோம்பலாக நின்றது. பம்பு மட்டும் மாற்றினால் போதாது. குழாயும் இணைப்புகளும் அந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்துக்கான ரப்பர் ஹோஸில் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, எரிபொருள் வேலை முடிந்தது என்று வண்டியை ஒப்படைத்த ஒரு பணிமனையை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் குழந்தைகள் உட்காரும் வண்டி அது. ஏறத்தாழ ஐந்து மடங்கு அழுத்தத்தில் கிளிப் நழுவினால் சூடான சைலன்சர் குழாய்மேல் பெட்ரோல் பாயும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது வருத்தத்துக்குரியது.

அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. இரண்டு விநாடியில் நின்றது. மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் இரண்டு விநாடி. கணினி தன் பழைய வண்டியின் திருட்டுத் தடுப்பு அனுமதியைத் தேடிக் கிடைக்காமல் எரிபொருளை நிறுத்திக்கொண்டிருந்தது. அந்த மென்பொருளில் தேர்ந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. திருட்டுத் தடுப்பை நீக்கிவிட்டதால் வேறொரு பூட்டு ஏற்பாட்டை நானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

டாஷ்போர்டு மானிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது என் வண்டியின் சுற்றுமானி 1,000 காட்டியது. பழைய மானி ஒரு சுற்றுக்கு நான்கு மின் துடிப்புகளை எதிர்பார்க்க, புதிய கணினி இரண்டைத்தான் தருகிறது. இதை ஒரு சிறு மாற்றிக் கருவியால் சரிசெய்யலாம், சரிசெய்யாவிட்டாலும் குடி முழுகிப் போவதில்லை. வெப்பமானி அப்படியல்ல. கணினிக்கான சென்சார் பழைய மானியோடு பேசாது. ஆகவே சிலிண்டர்களை மேலே மூடும் இரண்டு ஹெட்டுகளில் மற்றொன்றின் பின்முனையில் அடைத்துவைத்திருக்கும் 12 மில்லிமீட்டர் துளையில், இடையிணைப்பு ஒன்றை வைத்துப் பழைய மானியின் சென்சாரையே பொருத்தினேன். இன்ஜின் கீழே தரையில் இருக்கும்போது இது பத்து நிமிட வேலை. வண்டிக்குள் ஏறிய பிறகு தடுப்புச் சுவருக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல்கூட நுழையாது. இந்த வகை இன்ஜின்களில் புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அடிக்கடி முறிந்துபோகும் கடைசி போல்ட்டுக்கும் இதே கதைதான்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய டீசல் இன்ஜினுக்கு, நிறுத்துவதற்கான ஒரே ஒரு ஒயர் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் ஓடும் டீசல்களும் உண்டு. கார்களில் முதன்முதலாக 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156இல் வந்த காமன் ரயில் முறையில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் முறையில், அழுத்தம் அப்போதே 1,350 பார். அதன் பிறகு அது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுத் துருவும் கசடும் படிந்த டேங்க்கை அப்படியே வைத்துக்கொண்டு அத்தகைய இன்ஜினைப் பொருத்துவது, இன்ஜெக்டர்களைத் தெரிந்தே பலி கொடுப்பது.

குதிரைத்திறனைப் பற்றிக் கட்டுரையாளர் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். அதில் நான் சற்று வேறுபடுகிறேன். பழைய 5.7 லிட்டர் தன் முழு முறுக்கு விசையையும், ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டரை, 3,000 சுற்றுக்குள்ளேயே கொடுத்துவிடும். புதியது ஏறத்தாழ 440 தந்தாலும் அதற்கு 4,000 சுற்றுவரை போக வேண்டும். நெடுஞ்சாலையில் முந்தும்போது வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிறது. ஆனால் ஆட்களும் மூட்டைகளும் ஏறிய நிலையில், மேட்டுச் சாலையில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, ‘முன்னைவிடக் கொஞ்சம் யோசிக்கிறது’ என்று என் மனைவி முதல் நாளே சொன்னார். அவர் சொன்னது சரி. அந்தக் குறையைக் கியர் விகிதம்தான் ஓரளவு தீர்க்கிறது. புதிய இன்ஜினோடு அதன் சொந்த கியர் பாக்ஸையும் சேர்த்து எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக்கைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆட்கள் ஏறினால் என் வண்டி இரண்டரை டன்னைத் தாண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இன்ஜினை மாற்றியதால் அது நிற்கும் தூரம் ஓர் அடிகூடக் குறையவில்லை. வேகத்தை எட்டும் நேரம் மட்டுமே குறைந்திருக்கிறது. இன்ஜினுக்குக் காத்திருந்த மாதங்களில் நான் பிரேக் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள், டிரம்கள் அனைத்தையும் புதிதாக்கினேன். அலுமினிய பிளாக் உள்ள வகையை எடுப்போருக்கு முன்பக்க எடை சில பத்து கிலோ குறையும். அப்போது முன்பக்கம் சற்றே உயர்ந்து, இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். விளக்கின் கோணத்தைத் திருத்துவது ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலைதான் என்றாலும், செய்ய யாருக்கும் நினைவு வருவதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. இன்ஜின் எண்ணையும் பதிவில் எழுதும் இடங்களில், பழைய எண்ணோடு வண்டியை ஓட்டக் கூடாது. விதி எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்பதற்குக் கலிஃபோர்னியா ஓர் எடுத்துக்காட்டு: அங்கே புதிதாகப் பொருத்தும் இன்ஜின் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், வண்டியின் வகையும் ஒத்திருக்க வேண்டும், இன்ஜினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உட்பட, ஒன்றுவிடாமல் கூடவே வர வேண்டும், அதற்கென உள்ள நடுவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதைக் கெடுபிடி என்று பலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவிகள் அனைத்தும் கூடவே வந்தால்தான் கணினி தான் பழகியபடி இயங்கும். ஒன்றைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிறகு உண்மையான பழுது வரும்போது அந்த விளக்கை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் செய்தேன். கணினியைப் படிக்கும் 16 முனை ஸ்கேனர் இணைப்பை, புதிய வண்டிகளில் இருப்பதுபோல ஸ்டீயரிங்குக்குக் கீழேயே பொருத்தினேன். பானெட்டின் உட்புறத்தில் உறையிட்ட தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். வாட்டர் பம்பு, பெல்ட், தெர்மோஸ்டாட், பிளக், எரிபொருள் வடிகட்டி ஒவ்வொன்றும் எந்த ஆண்டு எந்த வண்டியினுடையது என்பதும், எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்பதும் அதில் உள்ளன. நான் ஊரில் இல்லாத நாளில் வண்டி நடுவழியில் நின்றால், 1993 மாடல் என்று சொல்லி என் மனைவி கேட்கும் எந்தப் பாகமும் இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றி. அதுவும் இதே வரிசை இன்ஜின்தான். இந்த இன்ஜின்களில் இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளின் முன்முனைகளையும் இணைத்து, பென்சில் தடிமனில் ஒரு குழாய் ரேடியேட்டருக்குப் போக வேண்டும். ஹெட்டின் உச்சியில் சேரும் நீராவியும் காற்றும் அதன் வழியாகத்தான் வெளியேறும். பழைய இன்ஜினில் இப்படி ஒன்று இல்லாததால் பழைய ரேடியேட்டரில் அதற்கான துளையும் இருக்காது. எங்கே மாட்டுவது என்று தெரியாமல் பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். படத்தில் அந்தக் குழாயின் முனையில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. நீராவி ஹெட்டுக்குள் தேங்கினால் தண்ணீர் படாத இடம் தனியாகச் சுடும், ஆனால் சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் வெப்பமானியின் முள் நடுவில் சமர்த்தாக நிற்கும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போன பிறகுதான் உரிமையாளருக்குத் தெரியும். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் ஒரு துளையிட்டு இணைப்பைப் பற்றவைத்தாலோ, வாட்டர் பம்பின் மேற்புறத்தில் மரையிட்டு அந்தக் குழாயைச் சேர்த்தாலோ போதும். ஒரு பிற்பகல் வேலை. அந்த வண்டியின் உரிமையாளரைத் தங்கள் செய்தியாளருக்குத் தெரியும் என்பதால், அவர் குடும்பத்தோடு அடுத்த நெடும் பயணம் கிளம்புவதற்குள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது அவரிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்